செடிக்கு நடத்திய எழுத்துப் பாடம்

ஒரு தொட்டிச் செடி. அதன் முன்னால் ஒரு கை ஆங்கில எழுத்து அட்டையை நீட்டுகிறது. ஒரு குரல் அந்த எழுத்தைச் சொல்கிறது, திரும்பச் சொல்கிறது, விடாமல் சொல்கிறது. பிறகு அடுத்த அட்டை. அமெரிக்கக் கலைஞர் ஜான் பால்டெசாரி 1972இல் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளை வீடியோ ஏறத்தாழ 18 நிமிடம் ஓடுகிறது. கடைசி எழுத்து வரை பாடம் முடிகிறது. செடி அப்படியே இருக்கிறது.

பால்டெசாரி பல ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். இதற்கு முந்தைய ஆண்டு, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு, சலிப்பூட்டும் கலையை இனிமேல் செய்ய மாட்டேன் என்ற ஒரே வரியைச் சுவர் முழுக்க எழுதவைத்தார். நம் பிள்ளைகளுக்கு இம்போசிஷன் என்றால் உடனே புரியும். செடி வீடியோவில் அவருடைய நையாண்டி இன்னும் ஆழமாக இறங்குகிறது. அந்த ஆசிரியரிடம் பொறுமை இருக்கிறது, உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது, போர்ஷன் முழுக்க முடிகிறது. எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா என்ற கேள்வி மட்டும் ஒருமுறைகூட எழவில்லை.

தமிழ் சினிமா வாத்தியாரைக் கேலி செய்வதில் சளைத்ததில்லை. ஆனால் பெரும்பாலும் அது ஆளைப் பார்த்துச் சிரிக்கும், முறையைத் தொடாது. ‘நண்பன்’ (2012) ஒரு விதிவிலக்கு. அர்த்தம் தெரியாமல் தமிழ் உரையை மனப்பாடம் செய்து மேடையேறும் மாணவன், யாரோ சொற்களை மாற்றிவைத்ததை அறியாமலே பேசி முடிக்கிறான்.  புரியாமல் ஒப்பிக்கும் நம் மொழிப் பாடத்தின் நோயை அந்தக் காட்சி சரியாகத் தொட்டுவிட்டது.

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இந்த நோய் கூடுதலாக உறுத்தவேண்டும். ஆவடியில் டேங்க் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருப்பதால் பல மாநிலக் குடும்பங்கள் வந்து வாழ்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வருபவர்களோடு இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகளும் வருகிறார்கள். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் ‘அ, ஆ’ சொல்லும்போது இந்தப் பிள்ளைகளின் வாயும் அசையும். சத்தம் நிறைவாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் யார் படிக்கிறார்கள், யார் தப்பிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் ஒடியா பாடநூல்களை வரவழைத்து, ஒடியா பேசும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பிள்ளை எந்த மொழியோடு வருகிறது என்று முதலில் கேட்டதால்தான் அது நடந்தது.

அட்டை ஒன்றும் கெட்ட பொருள் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் காலத்தில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் அட்டைகளால் ஆனதுதான். ஆனால் அங்கே அட்டை குழந்தையின் கையில் இருந்தது. பாடங்களின் ஏணிப்படி வரிசையில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, குழந்தை தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு தரையில் உட்காரும். கரும்பலகைகூடப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. நல்ல எண்ணம். ஆனால், செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்வதையும் அரசு காதில் வாங்கவேண்டும்.

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே பிரெயில் கற்பிப்பவர் அட்டையைக் காட்டிவிட்டு நகர முடியாது. விரல் எந்தப் புள்ளியில் தயங்குகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். மொழி கற்பிப்பதன் உயிர் அந்தப் பார்வையில் இருப்பதாக நம்புகிறேன்.

திரைக்கு அந்தப் பார்வை இல்லை. 2019 ஆகஸ்டில் அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அது பல வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டுபோனது. அந்த உழைப்பை மதிக்கிறேன். பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் போர்டு வந்தது. திரை சொல்லும், காட்டும், அலுக்காமல் திரும்பச் சொல்லும். எதிரே இருக்கும் பிள்ளை முழிப்பதை அது பார்க்காது. பால்டெசாரியின் கையும் அட்டையும் செய்ததை இன்னும் பளபளப்பாகச் செய்வதற்கு இவ்வளவு பணம் செலவிட வேண்டுமா?

திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அந்த வீடியோவைப் பயிற்சி மாணவர்களுக்குப் போட்டுக்காட்டலாம். அதன்பிறகு அவர்கள் பயிற்சிக்குப் போகும் வகுப்புகளில், பள்ளியின் அனுமதியோடு, செல்போனைக் கரும்பலகை பக்கம் திருப்பாமல் கடைசி வரிசைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவைத்து ஒரு பாடவேளையைப் பதிவு செய்யட்டும். மதிப்பெண்ணைப் பயிற்றுநர்கள் அந்தப் பதிவைப் பார்த்துப் போடட்டும்.