கையெழுத்தில்லாத கற்பனை

செத்துப்போனவர்கள் எழுந்து வந்து குத்துச்சண்டை போட்டார்கள் என்று நான் ஒரு கதை எழுதினால், நீங்கள் சிரித்துக்கொண்டே படிப்பீர்கள். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுப்பீர்கள். யாருக்கும் நஷ்டமில்லை. அதே கதையை நான் எழுதவில்லை, ஒரு யந்திரம் சொல்லிற்று என்று சொல்லிப் பாருங்கள். உடனே அது கதையாக இராது, தீர்ப்பாகிவிடும். 1967-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது அதுதான்.

மியாமி நகரத்தில் மர்ரே வோரோனர் என்று ஒரு ரேடியோ தயாரிப்பாளர். ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றவர்களில் பதினாறு பேரை அவர் பொறுக்கி எடுத்தார். பலர் கல்லறைக்குள் இருந்தார்கள், சிலர் கிழவர்களாகிவிட்டார்கள், முகம்மது அலிக்கோ அப்போது வயது இருபத்தைந்து. ஒவ்வொருவருடைய வேகம் என்ன, குத்தின் பலம் என்ன, அடி தாங்கும் சக்தி என்ன என்று சுமார் 250 பத்திரிகைக்காரர்களையும் நிபுணர்களையும் கேட்டு, அவர்கள் சொன்னதையெல்லாம் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். அது கக்கியதை, நேரில் பார்ப்பதுபோல ரேடியோவில் வர்ணித்தார்கள். கடைசியில் ராக்கி மார்சியானோ, ஜாக் டெம்ப்ஸியைப் பதின்மூன்றாவது சுற்றில் வீழ்த்தி, எந்தக் காலத்துக்கும் பெரிய வீரர் என்று பெயர் வாங்கினார். அலி அதற்கு முன்பே தோற்றுவிட்டார். தோற்கடித்தவர் ஜிம் ஜெஃப்ரீஸ், 1905-ல் ஓய்வுபெற்றவர்.

“விளையாட்டுத்தானே ஐயா, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த ஆண்டின் நிஜக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள்.

பிப்ரவரி 6-ந் தேதி அலி, எர்னி டெரலைப் பதினைந்து சுற்றுகள் அடித்து ஜெயித்தார். மார்ச் 22-ல் ஸோரா ஃபாலியை ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். அதுவரை 29 சண்டைகள், 29 வெற்றிகள். ஏப்ரல் 28-ல் ஹூஸ்டன் நகரத்தில், வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் போயிற்று, சண்டை போடும் உரிமமும் போயிற்று. ஜூன் 20-ல் ஐந்து வருஷச் சிறைத் தண்டனை. அப்பீல் செய்துவிட்டு வெளியே இருந்தார். ஆனால் வெளிநாடு போய்ச் சண்டை போடவும் வழியில்லை, பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில், காலியாகிவிட்ட அவருடைய பட்டத்துக்கு எட்டுப் பேரை வைத்து ஒரு பந்தயம் ஆரம்பித்தார்கள். மறு வருஷம் அதில் ஜெயித்தவர் ஜிம்மி எல்லிஸ்; அலிக்குப் பயிற்சிச் சண்டையில் துணை நின்றவர்!

ஆக, அந்த ஓர் ஆண்டிலே இரண்டு பந்தயங்கள். ஒன்றில் உடம்புள்ளவர்கள் மோதினார்கள்; அதில் அலிக்கு இடமில்லை. மற்றொன்றில் உடம்பில்லாதவர்கள் மோதினார்கள். அதில் அவருக்கு இடமுண்டு, தோற்பதற்கு. கையைக் கட்டியவர்கள் மனிதர்கள். கட்டுண்டவனைக் குத்தி வீழ்த்தியது யந்திரம். தம் பெயரைக் கெடுத்துவிட்டதாகப் பத்து லட்சம் டாலர் கேட்டு அலி வழக்குப் போட்டதில் என்ன ஆச்சரியம்?

யந்திரம் பொய் சொல்லாது என்கிறார்கள். மாவு மில்லும்தான் பொய் சொல்லாது. கேழ்வரகைக் கொட்டினால் அது கோதுமை மாவா தரும்? இந்த மில்லில் கொட்டப்பட்டது பத்திரிகைக்காரர்களின் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தின் யோக்கியதை என்ன? 1964-ல் அலி முதன்முதலாகப் பட்டத்துக்காக ஸானி லிஸ்டனை எதிர்த்தபோது, களத்தருகே இருந்த 46 பத்திரிகைக்காரர்களில் 43 பேர் லிஸ்டன்தான் ஜெயிப்பார் என்றார்கள். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தது; லிஸ்டன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கண்ணெதிரே இருந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்ன ஜோசியம் இந்த லட்சணம். அறுபது வருஷ இடைவெளியில் வாழ்ந்த இரண்டு பேரைப் பற்றி இந்த வர்க்கத்தார் சொன்னதை எண்ணாக்கிவிட்டால் மட்டும் அது வேதவாக்காகிவிடுமா?

ஜெஃப்ரீஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெரிய பலசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1899-ல் பட்டம் பெற்ற பிறகு, எந்தக் கறுப்பருக்கும் பட்டச் சண்டை தரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவர். ஐந்தாறு வருஷ ஓய்வுக்குப் பிறகு, 1910 ஜூலை 4-ல், வெள்ளையரின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரை ரீனோ நகரத்துக்கு இழுத்து வந்தார்கள். கறுப்பரான ஜாக் ஜான்சன் அவரைப் பதினைந்தாவது சுற்றில் சாய்த்தார். அந்தச் செய்தி பரவியதும் பல நகரங்களில் கறுப்பர்களை அடித்தார்கள், உயிர்களும் போயின.

ஜெஃப்ரீஸின் ஏட்டில் அந்த ஒரே ஒரு தோல்விதான் இருக்கிறது. அதற்கு அவர் கைப்பலமும் காரணம். அவர் சாத்திய கதவும் காரணம். யந்திரத்துக்குக் கைப்பலத்தை எண்ணாக்கிக் கொடுத்தார்கள். கதவை எந்த எண்ணாக்கிக் கொடுத்தார்கள்?

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஸாம் லாங்ஃபோர்டு என்று ஒருவர். கானடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பர். சின்ன எடை வகுப்பில் தொடங்கி ஹெவிவெயிட் வரையில் எல்லோருடனும் மோதியவர். வெள்ளை ஹெவிவெயிட் சாம்பியன்கள் அவர் பக்கமே திரும்பவில்லை. ஜாக் ஜான்சன்கூட, பட்டம் வந்த பிறகு அவருக்கு ஒரு சந்தர்ப்பம் தரவில்லை. ஹாரி வில்ஸ் கதையும் அப்படித்தான். பட்டச் சண்டையே கிடைக்காதவர்கள் எப்படிப் பட்டம் பெறுவார்கள்? பட்டம் பெறாதவர்கள் இந்தப் பதினாறு பேர் பட்டியலில் எப்படி நுழைவார்கள்? வாழ்ந்த காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களைச் செத்த பிறகும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது செய்தது மனிதனின் துவேஷம் என்றால், பிறகு செய்ததற்கு விஞ்ஞானம் என்று பெயர்!

கூத்து இதோடு முடியவில்லை. அலியின் வழக்கு சமாதானமாயிற்று. மார்சியானோவோடு ஒரு சினிமாச் சண்டை போட அவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று ஏற்பாடு. 49 சண்டைகளில் ஒன்றுகூடத் தோற்காமல் 1956-ல் ஓய்வுபெற்ற மார்சியானோ, 1969-ல் உடம்பை இளைத்துக்கொண்டு, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷ ஒரு நிமிஷச் சுற்றுகளாகப் பிடித்து, பல விதமான முடிவுகளையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில், ஆகஸ்டு 31-ந் தேதி, மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20-ல் படம் கொட்டகைகளுக்கு வந்தது. அமெரிக்காவில் பார்த்தவர்களுக்கு மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார்.

அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டினால் யந்திரத்துக்குப் புத்தி மாறுமா? மாறாது. டிக்கெட் வாங்குகிறவர் மாறுவார்.

நானும் கற்பனை செய்து பிழைக்கிறவன். ஆகையால் கற்பனையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் நாவலில் ஒரு நல்லவனைத் தோற்கடித்தால், ஏன் தோற்கடித்தாய் என்று வாசகர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். வசைக் கடிதம் என் விலாசத்துக்குத்தான் வருகிறது. கற்பனை செய்கிறவன் கொடுக்கவேண்டிய விலை அது. இவர்களோ கற்பனையும் செய்வார்கள், கையெழுத்தும் போடமாட்டார்கள். கேட்டால் யந்திரத்தைக் காட்டுவார்கள், ஜோசியர் கிரகத்தைக் காட்டுவதுபோல.

இன்று கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. பழைய வீரர்களை எடை வகுப்பாகப் பிரித்து, மோதவிட்டு, ஆண்டுக் கடைசியில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று கணக்கெழுதும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. மறந்துபோன பெயர்களை அவர்கள் நினைக்கிறார்கள். லாங்ஃபோர்டுக்கு மறுக்கப்பட்ட பட்டச் சண்டையை அவர்களில் ஒருவர் கொடுக்கலாம். கொடுக்கட்டும். ஆனால், “இது என் ஆசை, இந்த மதிப்பெண் நான் போட்டது” என்று மேலே எழுதிவிட்டுக் கொடுக்கட்டும்.

அலி 1970 அக்டோபரில் மறுபடியும் களத்தில் ஏறினார். 1971 மார்ச் 8-ல் ஜோ ஃப்ரேசியரிடம் தோற்று, வீங்கிய தாடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவர்மீது இருந்த தண்டனையை ரத்துச் செய்தது. ஃப்ரேசியரை அவர் 1974-லும் 1975-லும் திரும்ப ஜெயித்தார். மனிதனிடம் தோற்றவன் எழுந்து போய் மறுபடியும் அவன் வாசலில் நின்று கூப்பிடலாம். ஜெஃப்ரீஸிடம் தோற்ற அலி யார் வாசலில் போய்க் கூப்பிடுவது?