மேடையில் தெரியாத வரங்கள்

போன மாதம் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இன்னும் எங்களை விடவில்லை. "அண்ணா, எனக்கு அந்நியபாஷை வரல்ல. அப்ப எனக்குள்ள பரிசுத்த ஆவி இல்லையா?"

தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்கு வேலைக்கு வந்த பிள்ளை. அவள் போகிற ஜெபக் கூட்டத்தில், அந்நியபாஷை பேசுகிறவர்களைக் கை தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் தூக்கவில்லை. அதுக்குப் பிறகு அங்கே போகவே மனசு வரவில்லையாம்.

அந்நியபாஷை பொய் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்களுக்குள்ளேயே அப்படி ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை அளவுகோலாக வைத்து ஆட்களைப் பிரிக்கிறது பிழை. அதைத்தான் சொல்ல வருகிறோம்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதே பிரச்சினைக்காகத்தான். 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் அற்புதங்களும் குணமாக்குதலும் இருக்கிற அதே வரிசையில், உதவி செய்வதையும் நிர்வாகம் பண்ணுவதையும் வைக்கிறார். எல்லாருமா அந்நியபாஷை பேசுகிறார்கள் என்றும் கேட்கிறார். 'இல்லை' என்பதுதான் அவர் எதிர்பார்க்கிற பதில். ரோமர் 12இல் கற்பிப்பதும் கொடுப்பதும் இரக்கம் காட்டுவதும் வரங்கள்தான். 1 கொரிந்தியர் 14இல், அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் அந்நியபாஷை பேசுகிறவர் அமைதியாக இருக்கட்டும் என்கிறார். இந்த 12க்கும் 14க்கும் நடுவில்தான் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரம் வருகிறது. நாங்கள் அதைக் கல்யாணங்களில் வாசித்துப் பழகிவிட்டோம். பவுல் அதை எழுதியதோ, வரங்களை வைத்துப் பெருமையடித்த ஒரு சபைக்கு.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே கண்டியில் வாழ்ந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை போட்டிருந்த காலத்தில், 1687இல் இலங்கைக்கு வந்தார். தமிழும் சிங்களமும் படித்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். 1696இல் வரட்சி வந்தபோது அவர் ஜெபித்து மழை பெய்தது என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். மேடைகளில் அதிகம் கேட்கிற கதை அதுதான்.

அடுத்த வருசம் கண்டியில் பெரியம்மை பரவியது. ஓட முடிந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கைவிட்டார்கள். வாஸ் அடிகளார் ஓடவில்லை. மருமகனான கார்வாலோ அடிகளாரோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்தார், புண்களைக் கழுவினார், செத்தவர்களை அடக்கம் பண்ணினார். கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனிடம் அவருக்கு மதிப்பு கூடியதற்கு அந்தச் சேவை பெரிய காரணம்.

1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு வழக்கமாகக் கேட்கிற இரண்டாவது அற்புதத்தை அவருடைய விசயத்தில் கேட்கவில்லை. எங்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விசயம் எல்லோரையும் யோசிக்க வைத்தது.

"அதெல்லாம் நல்ல குணம், திறமை. வரம் வேற" என்று சிலர் சொல்லக்கூடும். வேறுபாடு இருக்கலாம். ஆனால் பவுல் வைக்கிற சோதனை ஒன்றுதான்: அது மற்றவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கிறதா, சபையைக் கட்டி எழுப்புகிறதா? ஒருத்தர் உரத்த சத்தமாகத் தீர்க்கதரிசனம் சொன்னாலும் அதை நிதானித்துப் பார்க்கச் சொல்லித்தான் அவர் எழுதியிருக்கிறார். கேள்வி கேட்கிறது அவிசுவாசம் இல்லை.

இது சும்மா வேத பாட வாதமும் இல்லை. "விசுவாசம் இருந்தா குளிசை எதுக்கு?" என்ற பேச்சை எங்கள் பக்கத்தில் நாங்களே கேட்டிருக்கிறோம். அதை நம்பி நீரிழிவுக்கும் பிரசருக்கும் மருந்தை நிறுத்தினால் உயிரே போகலாம். குணமாக்கும் வரத்துக்காக ஜெபியுங்கள், நாங்களும் ஜெபிக்கிறோம். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மழைக்காக ஜெபித்ததாகச் சொல்லப்படுகிற அதே மனிதர்தான் நோயாளியின் புண்ணையும் கழுவினார்.

அந்தத் தங்கச்சியிடம் நாங்கள் திருப்பி ஒன்று கேட்டோம்: "லீவு நாள்ல நீ என்ன செய்றாய்?" தோட்டத்து ஆச்சிமாரைப் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவாளாம். டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லி, எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று எழுதியும் கொடுப்பாளாம். "அது சும்மா உதவிதானே அண்ணா" என்றாள்.

பவுலின் பட்டியலில் அந்தச் 'சும்மா உதவி'க்கும் இடம் இருக்கிறது என்று வேதத்தைத் திறந்து காட்டினோம். கொஞ்ச நேரம் அந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் சபையிலும் இப்படி யாராவது பின்வரிசையில் இருப்பார்கள். வருகிற ஞாயிறு அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் செய்கிற வேலையைப் பேர் சொல்லி, அதுவும் வரம்தான் என்று சொல்லுங்கள். முடிந்தால், அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு நீங்களும் போங்கள்.