கைவேலைக்கு மட்டும்தான் ஆன்மாவா?

டிஏசியைக் கடையிலேயே வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் ஈப்போ நண்பர் முகம் சுருங்கிவிட்டது. "நீ எஞ்சினியர்தானே? சொந்தமா செய்டா. கையால செஞ்சதுல ஒரு ஆன்மா இருக்கும். ஃபேக்டரி பொருள்ல என்ன இருக்கு? மெஷின் துப்பினது." கவிதை எழுதுகிறவர். அன்றைக்குச் சாப்பாட்டுக் கடையில் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். சிடி தரம் என்றால் விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அதை மின்னழுத்தமாக மாற்றுவதுதான் டிஏசி. ஒரு படியின் உயரம் ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. யூஎஸ்பி வழியாகக் கொஞ்சம் இரைச்சல் நுழைந்தாலும் அந்த நுணுக்கம் போச்சு. இன்றைய நல்ல சிப்கள் பலவற்றுக்குக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் இருக்கின்றன. சால்டரிங் அயர்ன் முனை அங்கே போகாது. அதனால் "சொந்தமா டிஏசி செஞ்சேன்" என்பவர்களில் பலர் செய்வது, சிப் பதித்து வந்த போர்டை வாங்கிப் பெட்டிக்குள் திருகுவதுதான். தப்பில்லை. அதற்கு ஆன்மா என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் அசாஹி காசெய்யின் சிப் ஆலை தீப்பிடித்தபோது, அவர்களுடைய ஏகேஎம் சிப்களை நம்பியிருந்த பெரிய கம்பெனிகளும் வீட்டில் செய்கிறவர்களும் சேர்ந்துதான் தவித்தார்கள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது இதற்காக இல்லை. "மெஷின் துப்பினது" என்றாரே, அதற்காக.

செமோரில் என் பாட்டி பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா போன இடம் ஈப்போ பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரி. கம்பெனி பஸ், மாறி மாறி வரும் ஷிஃப்ட், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போர்டுகளைப் பார்த்து ஈயம் விட்டுப்போன இடங்களைச் சரிசெய்யும் வேலை. பத்தொன்பது வருஷம். அந்தப் பொருள்கள் எதிலும் அம்மா பெயர் கிடையாது. பெயர் இல்லை என்றால் கையும் இல்லையா? பேராக்கிலும் பினாங்கிலும் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு அம்மா, ஒரு அக்கா, ஒரு சித்தி. தோட்டத்து வேர்வையைப் பற்றி விடிய விடிய எழுதுவோம். நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வருகிறவளை மெஷின் என்போம். நல்ல இலக்கியம்!

அதற்காக, எல்லாவற்றையும் வாங்கிப்போடு என்கிற கூட்டத்தோடும் நான் இல்லை. ப்ரீ-ஆம்பை நானேதான் செய்யப்போகிறேன். டிஏசியிலிருந்து ஏறக்குறைய 2 வோல்ட் வருகிறது. பல பவர் ஆம்ப்களுக்கு முழுச் சத்தத்துக்கு அதைவிடக் குறைவே போதும். ஆகவே ப்ரீ-ஆம்பின் முக்கிய வேலை கூட்டுவது இல்லை, குறைப்பது. நல்ல வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் என்இ5532 இரண்டு, 15 வோல்ட் பவர் சப்ளை. எட்டுக் கால் சிப், என் கைக்கு அடங்கும். கெட்டால் பத்து நிமிஷத்தில் மாற்றலாம். மலிவு என்று நினைக்காதீர்கள். என் நோட்டுக் கணக்கில் 420 வெள்ளி, அதில் சிப்புக்கு இருபதுகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதியைப் பெட்டியும் டிரான்ஸ்ஃபார்மரும் தின்றுவிடும். (230 வோல்ட் கரண்ட் பழக்கமில்லாதவர்கள் டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ரெடிமேட் அடாப்டர் வாங்குங்கள்.)

பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் இந்தச் சுற்றையெல்லாம் தாளில் வரைந்து மார்க் வாங்கினேன். ஒன்றைக்கூட முழுசாகச் செய்து மூடி போட்டதில்லை. போன தீபாவளி லீவில் முதல் மாதிரியைக் கட்டியபோது ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரே ரீங்காரம். ராத்திரி முழுக்கத் தேடினேன். காலையில் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இந்த எர்த் பாயிண்ட்ல ஈயம் புடிக்கவே இல்லப்பா, சும்மா மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. டல்லா தெரியுது பாரு." மறுபடி பத்தவைத்தேன். ரீங்காரம் நின்றது.

டிஏசி ஆர்டர் போட்டாச்சு. மற்ற பாகங்களுக்காக இந்தச் சனிக்கிழமை கோலாலம்பூர் ஜாலான் பாசார் போகிறேன். செய்து முடித்ததும் நண்பர் செமோருக்கு வரட்டும். என் ப்ரீ-ஆம்பையும் கடைப் ப்ரீ-ஆம்பையும் துணி போட்டு மூடி, மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஆன்மா எதில் இருக்கிறது என்று அவர் சொல்லட்டும். ஒரே நிபந்தனை, இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கிவிடுவேன். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதைத்தான் காது எப்போதும் நல்லது என்று சொல்லும்.