வேலம் இழந்த பெயர்

ஒரு தாவரத்தை இன்ன பேரினத்தது என்று உரைப்பவர், அதன் முன்னோர் யாவர், உறவினர் யாவர் என்பது குறித்து உலகுக்கு ஓர் உறுதி அளிக்கிறார். அவ்வுறுதியை நம்பியே மருந்து ஆய்வோரும் மரம் வளர்ப்போரும் விதை காப்போரும் தத்தம் பணியைத் தொடர்கின்றனர். ஆகவே, சான்றுகள் வேறு திசை காட்டிய பின்னும் பழைய பகுப்பையே பற்றி நிற்றல் அறிவுத் துறைக்கு அடுக்காது. சான்று முற்றுமுன் பகுப்பைக் கலைத்தலும் அத்தகையதே. இவ்விரண்டுக்கும் நடுவே நெடுங்காலம் ஊசலாடியது அக்கேசியா என்னும் பேரினம். நம் கருவேலமும் வெள்வேலும் குடைவேலும் அப்பெயரைத் தாங்கியிருந்தவை ஆதலின், அதன் வழக்கு நமக்கும் உரியது.

1754இல் பிலிப் மில்லர் நிறுவிய அப்பேரினத்தின் எல்லையை 1875இல் ஜார்ஜ் பெந்தம் விரிவாக வரையறுத்தார். மலரில் மகரந்தத் தாள்கள் எண்ணிறந்தனவாய், ஒன்றோடொன்று ஒட்டாது தனித்து நிற்றலே அவர் கொண்ட தலையாய அடையாளம். அவ்வொரு பண்பின் கீழ் ஆப்பிரிக்க முள்மரங்களும் ஆசியக் கொடிகளும் ஆஸ்திரேலியப் புதர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் காலப்போக்கில் திரண்டன. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடுகள் அப்போதும் மறைந்திருக்கவில்லை. கருவேலத்தின் முள், இலையடிச் செதில்கள் இரண்டும் திரிந்து இணையாக நீண்டது. கருங்காலிக்கும் சீகைக்காய்க் கொடிக்கும் உள்ளவையோ தோலினின்று எழுந்த வளைந்த கொக்கிகள். ஆஸ்திரேலிய இனங்கள் பெரும்பாலானவற்றில் முள்ளே இல்லை. நாற்றுப் பருவத்தில் சிறகிலை காட்டும் அவை, வளர்ந்தபின் இலைக்காம்பையே தட்டையாக்கி இலையின் தொழிலை அதற்கு அளித்துவிடுகின்றன.

இவ்வேறுபாடுகளை முன்னிறுத்தி 1986இல் லெஸ்லி பெட்லி என்னும் ஆஸ்திரேலியத் தாவரவியலார் பேரினத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றபோது, துறையினர் பலர் தயங்கினர். அத்தயக்கத்தை நாம் குறை கூறோம். புறத்தோற்றம் ஏமாற்றவும் கூடும். ஆயினும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பசுங்கணிகத்தின் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆஸ்திரேலியக் கூட்டம் கருவேலத்தைவிட, மகரந்தத் தாள்கள் அடியில் ஒட்டிய வாகைக்கும் தூங்குமூஞ்சிக்குமே நெருங்கிய உறவு என்று அவை காட்டின. பெந்தம் நம்பிய ஒற்றை அடையாளம் ஒரே மூதாதையைச் சுட்டவில்லை. முள்ளும் இலையும் முன்னரே உரைத்ததை மரபணு உறுதி செய்தது. பேரினம் ஐந்தாகவேனும் பிரிய வேண்டுவதாயிற்று.

இதுவரை அறிவியல், இனி வருவது வழக்காடல். பேரினம் பிரியுங்கால் பழம்பெயர் அதன் மாதிரி இனத்தோடு செல்லுதல் தாவரப் பெயரிடல் நெறி. அக்கேசியாவுக்கு மாதிரியாய் நின்றது கருவேலம். ஆனால் ஆஸ்திரேலியக் கூட்டத்திலோ தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றையெல்லாம் பெயர் மாற்றுதல் பெருங்குழப்பம் என்று 2003இல் முறையிட்ட அந்நாட்டு அறிஞர், மாதிரியையே மாற்றுமாறு கோரினர். துறைக்குழு இசைந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் பேரவையில் வாக்களித்தோருள் 54.9 விழுக்காட்டினர் அதை எதிர்த்தனர். எனினும், குழுவின் பரிந்துரையை வீழ்த்த 60 விழுக்காடு வேண்டும் என்ற விதியால் சிறுபான்மையின் கருத்தே நிலைத்தது. 2011இல் மெல்பர்ன் பேரவை அம்முடிவை ஏற்றது. கருவேலம் வச்செல்லியா ஆயிற்று. கருங்காலி செனகாலியா ஆயிற்று.

பெரும்பான்மை மறுத்ததொன்று விதியின் நுணுக்கத்தால் நிலைபெற்றதை நாம் போற்ற இயலாது. நெறியினின்று விலக்குக் கோருவோரே மிகுதியான வாக்குகளைத் திரட்டிக் காட்டியிருத்தல் வேண்டும். நெறியைக் காக்க நின்றோர்மீது அச்சுமையை ஏற்றியது முறையன்று. எனினும் முறைப்படி கூடிய அவை ஈற்றில் ஏற்றதை, உவப்பில்லை என்பதற்காகப் புறக்கணித்தலும் தகாது. பகுப்பைச் சான்றின்பொருட்டு ஏற்கிறோம். பெயரை உடன்பாட்டின்பொருட்டு ஏற்கிறோம்.

மேலும், வச்செல்லியா நமக்கு முற்றிலும் அயற்பெயரும் அன்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராய்ப் பணியாற்றிய இராபர்ட் வைட், ஆர்னாட்டுடன் இணைந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் அமைத்த பேரினம் அது. காம்பிள் தொகுத்த சென்னை மாகாணத் தாவரநூலில் அக்கேசியா அராபிகா என்றிருந்த கருவேலம் பின்னர் அக்கேசியா நிலோட்டிகா ஆனதையும் நம் துறையினர் பொறுத்தே வந்தனர்.

பொறுக்க இயலாதது கவனமின்மை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிய அயல்நாட்டுச் சீகை மரம் இன்று முறைப்படி அக்கேசியா. அப்பெயருக்கு மாதிரியாய் நின்ற நாட்டுக் கருவேலம் அக்கேசியா அன்று. அயல்மரங்களை அகற்றும் ஆணை ஒன்று பேரினப் பெயரை மட்டும் குறிக்குமாயின், பழைய வழக்கில் பயின்றவர் காக்க வேண்டியதையும் களைய வேண்டியதையும் ஒன்றெனக் கொள்வர். ஆகவே கோவையிலுள்ள சென்னை உலர்தாவரத் தொகுப்பு முதலாக, கல்லூரித் துறைகளின் அலமாரிகள், வனத்துறையின் நடவுப் பட்டியல்கள், சித்த மருந்துகளின் மூலப்பொருள் ஏடுகள் ஈறாக, ஒவ்வோர் இனத்துக்கும் புதுப்பெயரும் பழம்பெயரும் உள்ளூர்ப் பெயரும் ஒருங்கே பொறிக்கப்படுதல் வேண்டும். அதற்கான ஆணையை மாநில அரசு காலந்தாழ்த்தாது பிறப்பிக்க வேண்டும்.