கோல் காப்பாளரும் கோல்களின் கணக்கும்

ஹொக்கி ஆட்டத்திலே கோல் போடுவோர் முன்னணி வீரர். எதிரியின் கோலைத் தடுப்பவர் காப்பாளர். இருவர்தம் தொழிலும் வெவ்வேறு. ஆகவே, ஓர் அணி எத்தனை கோல் போடும் என்பதற்கும் அவ்வணியின் காப்பாளருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பர் சிலர். இக்கூற்றிற் பாதி உண்மை, பாதி பிழை என்பதே எமது துணிபு.

உண்மையான பாதியை முதலில் நோக்குவோம். 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 38 கோல்களைப் போட்டது; ஒன்றேனும் வாங்கவில்லை. சங்கர் லக்ஷ்மணும் சென்னை தந்த ரங்கநாதன் பிரான்சிஸும் அவ்வணியின் காப்பாளர்கள். ஐந்து ஆட்டங்களிலும் இந்தியாவின் கோல் வாயில் ஒரே வகையாய் அடைபட்டிருந்தது. எனினும் அமெரிக்காவுக்கு எதிராக 16 கோல்கள் விழுந்தன. ஜேர்மனிக்கு எதிராகவும், இறுதியாட்டத்திற் பாகிஸ்தானுக்கு எதிராகவும் ஒவ்வொன்றே விழுந்தன. கோல்களின் தொகையை நிர்ணயித்தது எதிரணியின் வலிமையேயன்றிக் காப்பாளரின் திறமையன்று.

இனிப் பிழையான பாதி. காப்பாளர் மீது நம்பிக்கையில்லாத அணியிற் பின்னணி வீரர் தம் வட்டத்தை விட்டு அகலார். நடுவணியினரும் பாதி மனத்தோடே முன்னேறுவர். முன்னணியினர் துணையின்றித் தனித்து நிற்பர். காப்பாளர் வல்லவராயின் பின்னணி மேலேறும். எதிரி தட்டிவிட்ட பந்து மீண்டும் நம்மவர் கோலுக்கே வந்து சேரும். பெனால்டி கோர்னர்களும் பெருகும். நம் உட்துறைமுகம் அரணாய் இருப்பதாலன்றோ கலங்கள் அஞ்சாது ஆழ்கடல் ஏகுகின்றன!

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. நல்ல காப்பாளரை நம்பி, ஒரு கோலோடு அமைதி கொள்ளும் அணித்தலைவரும் உளர். அன்றியும், தோல்வி நெருங்கும் அணி காப்பாளரையே வெளியே அழைத்து, அவரிடத்தில் மேலும் ஒரு கள வீரரை இறக்க விதி இடந்தருகிறது. 2021இல் நடந்தேறிய டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டத்தில், 4க்கு 5 எனப் பின்தங்கிய ஜேர்மனி இறுதி நிமிடங்களில் அவ்வாறே செய்தது. காப்பாளரை வைத்திருப்பதும் ஒரு விலை என்பதை இது காட்டுகிறது. ஆனால், திறமையற்ற காப்பாளரை வைத்திருக்கும் அணியோ, அவருக்குத் துணையாக மேலும் இருவரைப் பின்னே நிறுத்தி, அவ்விலையை மும்மடங்காகச் செலுத்துகின்றது!

எனவே காப்பாளர் கோல்களின் தொகையைக் கூட்டுவதிலும், போட்ட கோலின் மதிப்பைக் காப்பதிலேயே பெரும்பங்கு வகிக்கிறார் எனலாம். மேற்கூறிய டோக்கியோ ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஜேர்மனி பெற்ற பெனால்டி கோர்னரைக் கேரளத்தின் ஸ்ரீஜேஷ் தடுத்தார். தவறியிருந்தால் இந்தியாவின் ஐந்து கோல்களும் வெற்றியைத் தந்திரா. 2024இல் பரிஸ் காலிறுதியில், பிரித்தானியாவுக்கு எதிராக 40 நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1க்கு 1 எனச் சமநிலை காத்தது. பின்னர் 4க்கு 2 என வென்றது. அன்று இந்தியா ஆட்டநேரத்திற் போட்ட ஒரே கோலுக்கு உயிர் தந்தவரும் அவரே.

இவ்வுண்மையை நம் இளைஞர் உணர்தல் வேண்டும். ஹொக்கியாயினும் உதைபந்தாட்டமாயினும், ஓட மாட்டாத பையனைக் கோலில் நிறுத்துவதும், பரிசளிப்பு நாளிற் கோல் போட்டவனை மாத்திரம் மேடைக்கு அழைப்பதும் பாடசாலைகளிற் காணப்படும் வழக்கங்கள். மக்கெய்சர் மைதானத்தில் நாளை இறங்கும் நம் கல்லூரி அணியைத் தெரிவு செய்வோர், முதலிற் காப்பாளரைத் தெரிவு செய்க. அவனுக்குரிய காற்கவசமும் தலைக்கவசமும் குறைவின்றி வழங்குக. அவனுக்கெனத் தனிப் பயிற்சி நேரமும் ஒதுக்குக. பழைய மாணவராகிய நாம் பரிசுக் கிண்ணமொன்று வழங்க விரும்பினால், அது காப்பாளன் பெயரால் அமைதல் நன்று. கோல் கணக்கில் அவன் பெயர் ஒருபோதும் ஏறாது. ஆயினும் அக்கணக்கு வெற்றியாய் முடிவது அவனாலே.