என்ஜினுக்குக் காட்டும் அக்கறை டீசல் குழாய்க்கும் வேண்டும்

பழைய பெட்ரோல் ஜீப்புக்கும் ஜீப் பிக்-அப் வண்டிக்கும் டீசல் என்ஜின் பொருத்தி, தோட்டத்து விளைச்சலை ஏற்றிச் செல்வது புதிய சங்கதி அல்ல. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறிய பிறகு பரவிய வழக்கம் அது. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010-லும் டீசல் மீதானது 2014-லும் நீங்கிய பின், இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் மேட்டில் பாரம் இழுக்க வேண்டும் என்பதற்காகவும், பழைய பெட்ரோல் என்ஜினுக்கு உதிரி சாமான் தேடி அலுத்துப்போயும் என்ஜினை மாற்றுகிறவர்கள் உண்டு.

அப்படி மாற்றும் விவசாயி, என்ஜின் விஷயத்தில் கெட்டிக்காரராகவே இருக்கிறார். எந்த வண்டியில் இருந்து கழற்றியது, போர் தேய்ந்திருக்கிறதா, புகை என்ன நிறம், கியர் பாக்சுடன் சேருமா என்று நாலு பேரைக் கேட்டு, பேரம் பேசித்தான் வாங்குகிறார். டேங்கில் இருந்து என்ஜினுக்கு டீசல் வரும் குழாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "பழைய பைப்பே போதும்ண்ணே" என்று மெக்கானிக் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறார். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்தத் தலையாட்டலில்தான் தொடங்குகின்றன.

கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் வைத்திருப்பவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. அங்கே டேங்க் மேலே இருக்கிறது, டீசல் தானாக இறங்கி வருகிறது. இணைப்பு ஒன்று தளர்ந்தால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும், இறுக்கிவிடலாம். வண்டியில் நிலைமை நேர்மாறு. டேங்க் கீழே இருக்கிறது. பீட் பம்பு டீசலை உறிஞ்சி மேலே இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது. வெளிக்காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்து சுத்தமாகத் தெரியும், ஆனால் வண்டி ஓடாது. பெட்ரோல் என்ஜின் கொஞ்சம் காற்றைப் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் கார்புரேட்டரில் ஒரு கிண்ணம் பெட்ரோல் எப்போதும் சேர்ந்து நிற்கிறது. டீசல் என்ஜின் பொறுக்காது. பம்பில் காற்று சேர்ந்தால் அது அமுங்கி அமுங்கி விரியுமே தவிர, நாசிலைத் திறக்காது.

ஆகவே, பெட்ரோலுக்கு இருபது வருடம் உழைத்த குழாய் டீசலுக்கும் உழைக்கும் என்ற வாதம் நிற்காது. சமவெளியில் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது டீசல் தேவை கூடுகிறது, உறிஞ்சல் கூடுகிறது, காற்றும் கூடுகிறது. விடியற்காலை ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியோடு கிளம்பிய வண்டி பாதி வழியில் இருமி நிற்பது இப்படித்தான். ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேரும் தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. இதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. கோளாறு பம்பில் என்று முடிவு கட்டி, பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பி, ஆயிரக்கணக்கில் செலவழித்துத் திரும்ப மாட்டினால், வண்டி மறுபடியும் அதே மேட்டில் நிற்கும். குற்றவாளி ஒரு செப்பு வாஷராக இருக்கும்.

பம்பைக் கழற்றுமுன் செய்யவேண்டிய சோதனை சுலபமானது. பீட் பம்புக்கு வரும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் செருகி என்ஜினை ஓட்டிப் பார்த்தால், காற்று வருகிறதா என்பது குமிழிகளில் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த டியூபை எடுத்துவிட வேண்டும். சூட்டில் அது இறுகி வெடிக்கும்.

அடுத்தது திரும்பு குழாய். பழைய பெட்ரோல் ஜீப்பில் டேங்கில் இருந்து என்ஜினுக்குப் போகும் ஒரு குழாய்தான் உண்டு. டீசல் என்ஜினுக்கு இரண்டு வேண்டும். பம்புக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி பம்பையும் நாசிலையும் குளிர்வித்து, மசகு போட்டு, தன்னோடு கொஞ்சம் காற்றையும் சேர்த்துக்கொண்டு டேங்குக்குத் திரும்ப வேண்டும். இந்த வழியைப் போடச் சோம்பல்பட்டு, நாசில் கசிவை ஒரு பாட்டிலில் பிடித்துக் கம்பியால் கட்டி வைத்திருக்கும் வண்டிகள் இருக்கின்றன. மாலையில் பாட்டிலை டேங்கில் கவிழ்ப்பது டிரைவருக்கு ஒரு வேலை! வேறு சிலர் திரும்பு குழாயை, வருகிற குழாயிலேயே ஒரு 'டீ' போட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். சூடான டீசலும் காற்றும் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். பாட்டிலாவது கண்ணுக்குத் தெரிகிறது. இது அதைவிட மோசம். திரும்பு குழாய் டேங்குக்கே போக வேண்டும். உறிஞ்சும் குழாயின் வாயை விட்டுத் தள்ளி விழ வேண்டும்.

இந்தத் திரும்பு குழாய்க்காக டேங்கில் ஒரு மூக்கு வைக்க வேண்டியிருக்கிறது. உயிர் போகும் இடம் இதுதான். "டேங்க் காலிதானே, ஒரு பற்று வைத்தால் முடிந்தது" என்று வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். பெட்ரோல் நிரம்பிய டேங்கை வெல்டிங் செய்ய யாருக்கும் துணிவு வராது. காலி டேங்க்தான் ஏமாற்றும். பெட்ரோலை வடித்துவிட்டாலும் அதன் ஆவி உள்ளே காற்றோடு கலந்து நிற்கும். மடிப்புகளிலும் துரு அடியிலும் ஒட்டிய பெட்ரோல், சூடு பட்டதும் மேலும் ஆவியாகும். தீப்பொறி பட்டால் டேங்க் வெடிகுண்டாகிவிடும். நாலு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினோம், வெயிலில் காயவைத்தோம் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. டீசல் டேங்கும் இந்த விஷயத்தில் நிரபராதி அல்ல. விவசாயி இதில் பிடிவாதமாக இருக்க வேண்டும்: பழைய டேங்கில் வெல்டிங் கூடாது. டேங்கின் மேல், அளவு காட்டும் மிதவை பொருத்திய மூடித் தகடு இருக்கிறது. அதைத் தனியே கழற்றி, துளைபோட்டு, நட்டும் வாஷரும் வைத்து மூக்கைப் பொருத்தலாம். அதற்கு வசதி இல்லையென்றால், இரண்டு மூக்கோடு புதிய டேங்க் செய்துகொள்வது மேல். உள்ளே துருப்பிடித்த டேங்காக இருந்தால் இதுவே லாபமும்கூட. பழைய டேங்கையே வைத்துக்கொள்பவர், மிச்சப் பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்தாக வேண்டும். டீசல்தான் பம்புக்கு எண்ணெய்; பெட்ரோல் கலந்தால் அந்த வழவழப்பு போய்ப் பம்பு தேயும்.

இணைப்புகளில் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. பழைய ஜீப்பின் நட்டுகளில் அங்குல மரை. டீசல் பம்பிலும் பில்டரிலும் பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; பக்கத்தில் 12 மி.மீ. போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஒன்றை மற்றதில் போட்டு முறுக்கினால் பிடித்தது போல இருந்து, இறுக்கும்போது மரை உரிந்துவிடும். சரியான மரை விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏறும். இரண்டாவது சுற்றிலேயே ஸ்பேனர் கேட்டால் அது வேறு மரை. அப்போது செய்யவேண்டியது, இரு பக்கமும் இரு மரை உள்ள ஒரே இணைப்பானை லேத்தில் கடைந்து வாங்குவது. கோவை வட்டாரத்தில் இதற்கு லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மூன்று இணைப்பானை ஒன்றோடொன்று கோத்து ஒப்பேற்றினால், காற்று நுழைய மூன்று வாசல் கூடுதலாகத் திறந்ததாக அர்த்தம்.

மரையில் வெள்ளை டேப் சுற்றுவதும் தேவையற்ற பழக்கம். துளையுள்ள பான்ஜோ போல்ட்டில் கசிவைத் தடுப்பது இரு பக்கமும் உள்ள செப்பு வாஷர். அகட்டிய குழாய் முனையில் தடுப்பது அந்த முனையே. மரைக்கு அங்கே வேலை இல்லை. டேப் பிய்ந்து துணுக்காகப் பம்புக்குள் போவதுதான் மிச்சம். செப்பு வாஷரும் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். கடை பக்கத்தில் இல்லையென்றால், பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி இளகும்.

குழாய் எஃகாக இருக்கட்டும். ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்பு போன்ற பொருளாகி பில்டரை அடைக்கும். செப்புக் குழாய் டீசலை நாளாவட்டத்தில் பிசினாக்கும், அதிர்வில் இறுகி விரியும். வாஷர் அளவுக்குச் செம்பு இருப்பதில் கேடில்லை. புதுக் குழாயின் துவாரம் பீட் பம்பின் மூக்கைவிடச் சிறுத்துவிடக் கூடாது. குழாயை முக்கால் முழத்துக்கு ஒரு கிளிப் போட்டு சேசிசில் கட்ட வேண்டும். என்ஜின் ரப்பர் மேல் ஆடுவதால், சேசிசுக்கும் என்ஜினுக்கும் நடுவில் மட்டும் டீசல் தாங்கும் ரப்பர் ஹோஸ் போதும். தண்ணீர் ஹோஸ் போட்டால் டீசலில் ஊதிக் கூழாகிவிடும். இன்னொன்று: புது என்ஜினின் புகைக்குழாய் பழையது இருந்த பக்கமே வரும் என்று சொல்ல முடியாது. பழைய டீசல் பாதைக்கு மேலேயே அது வந்து உட்கார்ந்தால், ஒரு நாள் கசிவு போதும், வண்டி எரிய. அப்போது பாதையை மாற்றியே ஆக வேண்டும். கேனிலும் பேரலிலும் டீசல் வாங்கி வைத்து ஊற்றும் பழக்கம் தோட்டங்களில் இருப்பதால், டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஒன்று அவசியம்.

பம்பில் இருந்து நாசிலுக்குப் போகும் தடித்த எஃகுக் குழாய்களில் மட்டும் உள்ளூர்க் கைவேலை வேண்டாம். அந்த என்ஜினுக்கு உரிய குழாயைத்தான் போட வேண்டும். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் அழுத்தம் உண்டு. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போல்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "எல்லாம் சேர்த்து மொத்தமாக இவ்வளவு" என்று கூலியை அடித்துப் பேசினால், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பார். கண்ணுக்குத் தெரியாத இடம் குழாய். ஆகவே குழாய், ஹோஸ், வாஷர், கிண்ணம் இவற்றுக்குத் தனியே கணக்குப் போட்டு, தனியே பணம் கொடுப்பது நல்லது. வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதியும் பெற வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவில் இதைக் கேட்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றும் வண்டியில் டீசல் என்றும் இருந்தால், விபத்து இழப்பீட்டில் வில்லங்கம் வரும்.

கூலியில் ஒரு பகுதியை மறுநாள் காலை வரை நிறுத்தி வைக்கலாம். இரவில் வண்டியை, டேங்க் பள்ளத்திலும் என்ஜின் மேட்டிலும் இருக்கும்படி சரிவில் நிறுத்திவிட வேண்டும். எங்காவது காற்று நுழைந்தால், விடிவதற்குள் குழாயில் உள்ள டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் கைப் பம்பை அடிக்காமல், முதல் சாவியிலேயே என்ஜின் எழுந்து ஐந்து நிமிடம் இருமாமல் ஓடினால், மிச்சக் கூலியைக் கொடுத்துவிடலாம்.