அநுர அரசின் அமைச்சரவை: முஸ்லிம்கள் எதைக் கேட்க வேண்டும்?

2024 நவம்பர் 18ஆம் திகதி பிரதமர் ஹரினி அமரசூரிய உட்பட 21 அமைச்சர்கள் பதவியேற்றனர். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவையும் சேர்த்தால் அன்றைய அமைச்சரவையில் 22 பேர் இருந்தனர். தமிழர்களில் கடற்றொழில் அமைச்சராக இராமலிங்கம் சந்திரசேகரும், மகளிர் மற்றும் சிறுவர் விவகார அமைச்சராக சரோஜா சாவித்திரி போல்ராஜும் இருக்கிறார்கள். முஸ்லிம்களில் ஒருவரும் இல்லை. அன்று மாலை தொடங்கிய விவாதம் வட்ஸ்அப் குழுமங்களிலும் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றங்களிலும் இன்னும் ஓயவில்லை.

ஒரு தரப்பு, "நாங்கள் முன்பே சொன்னோம், கேட்டீர்களா?" என்கிறது. இதில் பெரும்பாலானோர் கடந்த தேர்தலில் ஆசனம் இழந்தவர்களும் அவர்களது ஆதரவாளர்களுமே. மற்றத் தரப்பு, "இத்தனை காலம் அமைச்சர்கள் இருந்து என்ன கிழித்தார்கள்?" என்று திருப்பிக் கேட்கிறது. இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே நாம் கேட்க வேண்டிய கேள்வியைத் தொடவில்லை என்பது எமது கருத்து.

2020 பொதுத் தேர்தலில் வெறும் 3 ஆசனங்கள் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு இம்முறை 159 ஆசனங்கள். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவின் பக்கம் நின்ற திகாமடுல்ல, திருகோணமலை மாவட்டங்கள்கூட நவம்பரில் திசைகாட்டிக்கு மாறின. மட்டக்களப்பு மாத்திரமே அதன் கைக்கு வரவில்லை. இந்த மாற்றத்தில் முஸ்லிம் வாக்குகளின் பங்கு சிறியதல்ல. முஸ்லிம் கட்சிகளின் கோட்டை எனப்பட்ட அம்பாறையில் முஸ்லிம் காங்கிரஸுக்கும் மக்கள் காங்கிரஸுக்கும் ஆளுக்கொரு ஆசனமே மிஞ்சியது. இனக் கட்சிகளின் பேரம் பேசலில் களைத்துப்போன மக்கள், குறிப்பாக இளைஞர்கள், ஒரு தேசியக் கட்சியை நம்பி வாக்களித்தார்கள். அந்த நம்பிக்கைக்கு முதல் பதிலாக வந்தது இந்த அமைச்சரவைப் பட்டியல்.

அரசாங்கத் தரப்பின் விளக்கம் எளிமையானது. நாம் இனம், மதம் பார்த்து அமைச்சுப் பதவி கொடுப்பதில்லை, தகுதியைப் பார்க்கிறோம் என்கிறார்கள். கொள்கையளவில் இது மறுக்க முடியாத வார்த்தை. ஆனால் இந்த அரசாங்கமே அதை முழுமையாகப் பின்பற்றியதா என்று பார்த்தால் சந்தேகம் வருகிறது. சந்திரசேகர் எந்த மாவட்டத்திலும் வென்று வந்தவரல்லர், தேசியப்பட்டியலில் வந்தவர். வடக்கின் மீனவர் பிரச்சினையைக் கையாள ஒரு தமிழர் அமைச்சராக இருப்பது பொருத்தம் என்று கட்சி எண்ணியிருக்கலாம். அது நல்ல முடிவு. அதை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் கரிசனை ஒரு சமூகத்துக்குச் செல்லுபடியாகும்போது, 2012 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகையில் 9.7 வீதமாக உள்ள இன்னொரு சமூகத்துக்கு மட்டும் ஏன் அது இனவாதமாகத் தெரிகிறது என்பதே கேள்வி. கட்சிக்குள் தகுதியான முஸ்லிம் ஒருவர்கூட இல்லை என்று சொல்லவும் அவர்களால் முடியாது. வைத்தியர் ரிஸ்வி சாலிஹ் பிரதி சபாநாயகர். முனீர் முளப்பர் 2024இல் தேசிய ஒருமைப்பாட்டுப் பிரதி அமைச்சரானார். மாத்தறையிலிருந்து அர்கம் இல்யாஸ் வந்திருக்கிறார்.

அமைச்சுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாக மக்களுக்கு வாக்குறுதி கொடுத்தோம் என்பதும் ஒரு பதில்தான். ஆயினும் அரசியலமைப்பு அமைச்சரவைக்கு 30 பேர் வரை இடம் தருகிறது. அப்போது இன்னொருவர் சேர்ந்திருந்தால் 23. அதனால் திறைசேரி கவிழ்ந்திருக்காது.

பிரதி சபாநாயகர் பதவி கௌரவமானது. எனினும் அந்த ஆசனத்தில் அமர்பவர் சபையை நடுநிலையாக நடத்த வேண்டியவர். சமூகப் பிரச்சினை ஒன்றில் எழுந்து நின்று வாதாடுவது அவருக்கு இலகுவல்ல. பிரதி அமைச்சரின் நிலை வேறு. அவர் பேசலாம், ஆனால் அமைச்சரவைக் கூட்டத்தில் அமர்வதில்லை. ஒரு சட்டமூலமோ கொள்கை மாற்றமோ அமைச்சரவைப் பத்திரமாக மேசைக்கு வரும்போது, "இந்த வாசகம் எங்கள் மக்களை இப்படிப் பாதிக்கும்" என்று அந்த இடத்திலேயே சொல்ல ஒருவர் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். பத்திரம் அங்கீகரிக்கப்பட்டு ஊடகங்களில் வந்த பிறகுதான் எமது எம்பிமார்களுக்கே விடயம் தெரியவரும்.

அமைச்சர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. எமது வரலாறு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 1947இன் முதல் அமைச்சரவையில் மர்ஹூம் டீ.பி. ஜாயா தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தார். மர்ஹூம் ஏ.சி.எஸ். ஹமீத் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் வெளிவிவகார அமைச்சராக இருந்தார். இன்றைய அரசுடன் ஒப்பிட வேண்டியது 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் அமைந்த இடதுசாரிக் கூட்டரசாங்கம். அதில் கல்வி அமைச்சரான மர்ஹூம் பதியுதீன் மஹ்மூத் தேர்தலில் வென்றவரல்லர், நியமன உறுப்பினர். முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர்களும் பெருகியதில் அவருடைய கை இருந்தது என்பதை இன்றும் கிராமங்களில் நன்றியோடு சொல்வார்கள். அவர் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து தமிழ் மாணவர்களின் நெஞ்சில் ஆறாத காயத்தை ஏற்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1976இல் புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோதும் அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் தந்தை செல்வா.

அதற்குப் பிந்திய கதை எல்லோருக்கும் தெரியும். 1994இல் சந்திரிகாவின் அரசில் அமைச்சரான மர்ஹூம் அஷ்ரப் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றார். பேரம் பேசும் அரசியலின் உச்சம் அதுதான். அவருக்குப் பின் வந்தவர்கள் பேரத்தை வைத்துக்கொண்டார்கள், பல்கலைக்கழகம்போல் எதையும் கட்டவில்லை. 2014 அளுத்கமவில் கடைகள் எரிந்தபோது நீதி அமைச்சர் ஒரு முஸ்லிம். 2018 திகன எரிந்தபோது கண்டி மாவட்டத்திலிருந்தே இரண்டு முஸ்லிம்கள் அமைச்சரவையில் இருந்தார்கள். 2019 ஜூனில் எல்லா முஸ்லிம் அமைச்சர்களும் ஒரே நாளில் இராஜினாமாச் செய்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுவாக இருக்கலாம். கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் நீதி அமைச்சர் அலி சப்ரி. அதே ஆண்டு ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தியவர்களில் எதிர்க்கட்சி ஆசனங்களிலிருந்த முஸ்லிம் எம்பிமார்களும் அடங்குவர். இந்தக் கசப்பை மனதில் வைத்துத்தான் மக்கள் திசைகாட்டிக்கு வாக்களித்தார்கள். எனவே பழைய முகங்கள் இன்று வடிக்கும் கண்ணீரைச் சமூகம் பெரிதாக எடுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

ஆனால் பழையவர்கள் தவறியது புதியவர்களுக்கு விலக்களிப்பதில்லை. பயனற்ற வைத்தியர் இருந்தார் என்பதற்காக ஆஸ்பத்திரிக்கு வைத்தியரே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி வென்ற நான்கு ஆசனங்களிலும் விருப்பு வாக்கில் தெரிவானவர்கள் சிங்களச் சகோதரர்கள். ஆதம்பாவா தேசியப்பட்டியல் மூலமே பாராளுமன்றம் வந்தார். விருப்பு வாக்கு முறையில், தேசியக் கட்சிக்கு வாக்களிக்கும் சிறுபான்மை மக்கள் தமது வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்கைச் சிதறவிடாமல் இட்டாலொழிய, கட்சி வெல்லும், பிரதிநிதி தோற்பார். இம்முறை பலர் சின்னத்துக்குப் புள்ளடியிட்டு விருப்பு இலக்கங்களைக் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. மாகாண சபைத் தேர்தல்கள் வரவிருக்கும் நிலையில் ஊர் மட்டத்தில் இது பேசப்பட வேண்டும்.

ஆக, "எமக்கு ஒரு அமைச்சர் தா" என்று மட்டும் கேட்டு நிற்பது போதாது. கேட்கத்தான் வேண்டும், தயக்கமின்றிக் கேட்க வேண்டும். அதோடு விடயங்களையும் கேட்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் நீதி அமைச்சர் ஹர்ஷன நாணயக்காரவின் மேசையில் வரப்போகிறது. யாருடன் கலந்தாலோசிக்கப் போகிறார்கள்? உலமாக்களுடனா, காதிமாருடனா, பாதிக்கப்பட்ட பெண்களுடனா, அல்லது மூவரையும் ஒரே மேசைக்கு அழைத்தா? முஸ்லிம் சமய விவகாரத் திணைக்களம் புத்தசாசன அமைச்சர் ஹினிதும சுனில் செனவியின் கீழ் இருக்கிறது. ஹஜ் ஏற்பாடுகள், பள்ளிவாசல் பதிவுகள் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்வது யார்? நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள் இத்தனை ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கின்றன. அதைத் திறக்க முஸ்லிம் அமைச்சர் தேவையில்லை, ஒரு அமைச்சரவை முடிவு போதும். பலவந்தமாக எரிக்கப்பட்ட ஜனாஸாக்களுக்கு முன்னைய அரசு 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்டது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் யார் என்ற விசாரணையை இந்த அரசுதான் தொடங்க வேண்டும்.

அரசாங்கத்தின் பக்கம் இருக்கும் முஸ்லிம் எம்பிமார்கள் இந்தக் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஒன்றாக ஜனாதிபதியைச் சந்திக்கலாம். கட்சி ஒழுக்கம் அதற்குத் தடையாக இருக்காது. வரவு செலவுத் திட்டம் வருமுன் அவர்கள் அதைச் செய்கிறார்களா என்று பார்ப்போம்.